அசரில் இரண்டு ரக்அத்

செவ்வாய்க்கிழமை இரவு, தாராவி.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது.

இன்று பேக் தைக்கும் பட்டறையில் சாயங்கால அசர் தொழுகைக்கு வழக்கம்போல நான்தான் இமாமாக முன்னால் நின்றேன். நான்கு ரக்அத்தில், அதாவது நான்கு சுற்றில், இரண்டாவதில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. பின்னால் நின்ற என் மைத்துனன் காசிம் "ஸுப்ஹானல்லாஹ்" என்று குரல் கொடுத்தான். இமாம் தவறினால் அப்படித்தான் நினைவூட்டுவார்கள். என் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பதுகூட இன்றும் நினைவிருக்கிறது. எனக்கா மறதி என்று ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டேன்.

"மச்சான், ரெண்டுதான் ஆச்சு" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுந்து மீதியைத் தொழுது, மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கும் இரண்டு ஸஜ்தாவும் செய்தோம்.

அரை கிளாஸ் கட்டிங் சாய் வந்தது. இனிமேல் முன்னால் நிற்க மாட்டேன் என்றேன்.

காசிம் விடவில்லை. "நபிமாருகிட்ட பாவமே கிடையாது மச்சான். ஆனா நம்ம நபி ரசூலுல்லாவும் ஒருநாள் ரெண்டுல நிறுத்துனாவளே? மறந்தா என்ன செய்யணும்னு நாம படிக்கத்தான் அல்லா அந்த மறதியக் குடுத்தான். நீங்க என்ன, அவியளுக்கும் மேலயோ?"

பட்டறையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள், அன்று ஒருவர் 'மறந்துவிட்டீர்களா' என்று கேட்டதுமே மற்றவர்களிடம் விசாரித்தார்கள். நான் காது கேட்காதவன் போல இருந்தேன்.

நாளையும் நானே நிற்பேன். காசிமை நேர் பின்னால் நிறுத்த வேண்டும். தையல் மிஷின் ஓடினாலும் அவன் குரல் கேட்கும்.