பட்டா இல்லாதவர் மறித்த குழாய்

என் ஆசை அண்ணி அஞ்சலைக்கு,

குழாய்கள் போய்விட்டன, அண்ணி. நம் ஊர் வயலோரம் அடுக்கி வைத்திருந்த எரிவாயுக் குழாய்களை நேற்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்க்க நீங்கள் இல்லையே என்று அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

போன ஆடியில், பள்ளம் தோண்ட வந்த மெஷின் முன்னால் நடவுப் பெண்களோடு போய் உட்கார்ந்தீர்கள். சேதி கேட்டு மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெயர் அடிபட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். "நமக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாது. எழுந்து வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நெலம் வயல்காரங்க பேர்ல இருக்கு. நடவு நம்ம கையிலதான இருக்கு? கொழா போட்டா அவங்களுக்கு நஷ்டஈடு வரும், நமக்கு யாரு வேலை குடுப்பா? நீ வேணா போ. நா இங்கதான் குந்திக்கினு இருப்பேன்" என்றீர்கள்.

அன்று மெஷின் திரும்பிப் போனது. ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். என்மேல் கோபம் இருந்ததா அண்ணி?

தையில் நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள், நானும் வந்திருந்தேன். வந்த அதிகாரி, "நெலத்துக்காரங்க மட்டும் பேசுங்க" என்றார். ஆனாலும் எழுந்தேன். "எங்க அண்ணிக்குப் பட்டா இல்லீங்க. ஆனா அவங்க நடாத வயலு இந்த ஊர்ல இல்ல. எங்களையும் கேட்டுட்டுதான் தோண்டணும்."

உட்காரச் சொன்னார். அப்போது யார் எழுந்தது தெரியுமா? கூலிக்காரங்களுக்கு இதில் என்ன என்று அன்றைக்கு உங்களைக் கேட்டாரே, அந்தப் பெரிய வயல்காரர் கோவிந்தசாமி! "அந்தம்மா பேசட்டுங்க. அவங்க அண்ணி கை படாம என் வயல்ல ஒரு நாத்து நின்னதில்ல" என்றார். பிறகு கூட்டமே எங்களுக்காக எழுந்து நின்றது. எதிர்ப்பு மனுவில் நிலத்துக்காரர்களோடு நடவுப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து போட்டார். வேலை ஒன்றும் போய்விடவில்லை.

குழாய் இனி சாலையோரமாகப் போகுமாம், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு மாற்றிப் பேசுவார்களா? பேசட்டும், பார்த்துக்கொள்கிறோம்.

பக்கத்து ஊர் வயல்களிலும் அளவுக்கல் நட்டிருக்கிறார்களாம். அந்த ஊர்ப் பெண்கள் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை, சுரங்கக் குவார்ட்டர்ஸில் நான் வேலை செய்யும் வீடுகளுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போகிறேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். சத்தியம், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
தனம்