மூன்று முறை கேட்கலாம்

செப்டம்பர் 4, கராகாந்தா

டாக்டரம்மா இன்று சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு குளிர்காலம் இந்த ஊர்ல வேண்டாம். கரித்தூசி இல்லாத இடமாப் பாத்துப் போயிருங்க" என்றார். இவருடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அந்தம்மாவின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தது எவ்வளவு, சொன்னது எவ்வளவு? பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு இவரிடம் தனியாக ஏதோ பேசினார். என்னவென்று கேட்டால், "மருந்து சாப்பிடற நேரம் சொன்னாங்க" என்கிறார் எர்தென். வயதில் பாதியைச் சுரங்கத்தில் கழித்த மனுஷன், பொய் சொல்லப் பழகவேயில்லை. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்தது.

செப்டம்பர் 7

சமையலறைச் சுவரில் தேசப்படம் ஒட்டியாயிற்று. இத்தனை பெரிய கஜகஸ்தானில் இரண்டு பேர் மூச்சுவிட ஓர் இடம் அகப்படவில்லை. அல்மாத்தி — மலை சரி, ஆப்பிள் சரி, குளிர்காலப் புகை? ஷிம்கெந்த் — வெயில், தக்காளி, கூடவே இவருடைய தம்பி பெண்டாட்டி. அக்தாவ் — கடல் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரையும் அதே கடலில்தான் எடுக்கிறார்களாம், எனக்கு நம்பிக்கையில்லை. எல்லாம் இக்கரைக்கு அக்கரைப் பச்சை.

அஸ்தானாவிலிருந்து மகள் கார்லிகாஷ் கூப்பிட்டாள். "பதினைஞ்சாவது மாடிம்மா, தூசியே ஏறாது, வந்துருங்க." தூசி ஏறாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏறிவிடும். பெற்ற மகளையே இப்படி நினைக்கிறேன், என்ன பிறவி நான்.

செப்டம்பர் 8

இவர் படத்தின் தென்கிழக்கு மூலையில் விரலை வைத்து, "கோக்பாஸ்தாவ்" என்கிறார். இவருடைய தாய்மாமன் ஊர். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை இரண்டு முறைகூட இவர் வாயால் கேட்டதில்லை. போன வசந்தத்தில் அந்த மாமி செத்ததற்குக்கூட இருமலைச் சொல்லிப் போகாமல் இருந்தவர். இப்போது அங்கேதான் குடியிருக்க வேண்டுமாம். எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமலா?

செப்டம்பர் 21, கோக்பாஸ்தாவ்

கொஞ்ச நாள் இருந்து பார்ப்பது, பிடித்தால் வீடு வாங்குவது என்று பேசி வந்திருக்கிறோம். மாமா தன்னுடைய காலி வீட்டைத் திறந்துவிட்டார். வாடகை என்று ஆரம்பித்தேன். "தங்கச்சி மகன்கிட்ட வாடகை வாங்கினா ஊர் சிரிக்கும்மா" என்றார். சும்மா கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

காற்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் இந்த மலைகளுக்குப் பின்னால் என்னென்னவோ தோண்டினார்கள் என்று கேள்வி. ஊற்றுத் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். "கொதிச்சா யுரேனியம் ஆவியாப் போயிருமா?" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று.

மாமாவின் மருமகள் பீக்கென் பௌர்சாக் மாவுருண்டைகளை எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்தாள். வாயாடி. "அண்ணனுக்கு மூணும் அப்படியே மிச்சம் இருக்காமே! குதிரையெல்லாம் ஒளிச்சு வைங்கப்பா" என்று கத்தினாள். அக்கா தங்கை பிள்ளை வாழ்நாளில் மூன்று முறை தாய்மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். இவருடைய சோம்பலுக்கு ஒன்றுகூடச் செலவாகவில்லை.

செப்டம்பர் 25

வீடு ஒன்று பார்த்தோம். கூரையைக் குறை சொன்னேன். உண்மையில் கூரையில் குறையில்லை.

செப்டம்பர் 29

ஊரார் போக்கு மாறிவிட்டது. கடை வாசலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் போனதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி காரணமில்லாமல் என் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

மாமா வீட்டுக்குப் போனேன். பீக்கென் சிரிக்கவில்லை. என் கோப்பையில் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள்! வேண்டிய விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்றுவதற்காக. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். நான் என்ன தப்புச் செய்தேன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார் இவர். நான் அரளவில்லை. கோப்பை நிறையத்தான் இருந்தது.

அக்டோபர் 2

மத்தியானம் சாப்பிட்டதும் தினமும் காணாமல் போகிறார். திரும்பும்போது கால்சட்டையெல்லாம் முள்ளு விதை. "சும்மா நடந்தேன்." காது சிவப்பு.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு இங்கே வருவாராம். அப்போது பார்த்த எவளாவது இருக்கிறாளா? இருமிக்கொண்டே என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது. சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது.

அக்டோபர் 5

பின்னாலேயே போனேன். ஊருக்கு மேலே கிழக்குச் சரிவு. மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். இடுகாடு. இன்னும் வேலி கட்டாத ஒரு புது மேட்டுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் போய் உட்கார்ந்தார், தன் வீட்டு முற்றம் மாதிரி.

"இங்க என்ன பண்றீங்க?"

திடுக்கிடவில்லை. "இடம் கேட்டேன். மாமா குடுத்துட்டார்."

"எந்த இடம்?"

தரையைத் தட்டிக் காட்டினார். "காலம்பூரா பூமிக்குள்ள இருட்டுல கிடந்தேன். கடைசியாப் படுக்கறதாவது காலை வெயில் படற இடமா இருக்கட்டும்னு..."

டாக்டர் அன்றைக்குத் தனியாகச் சொன்னது இதுதான். நேரம் நெருங்குகிறது என்று. கரி ஊரைவிட்டுப் போனால் கொஞ்சம் தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று. வெறி பிடித்தவள் மாதிரிக் கத்தினேன். வாழ இடம் தேடுறேன்னு இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து குழி தேடிருக்கீங்களே, பாவி மனுஷா, நான் எங்க போவேன், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா — எழுத முடியவில்லை.

அக்டோபர் 6

அவருக்கு மட்டும் சூப் வைத்தேன்.

அக்டோபர் 8

நேரே பீக்கெனிடம் போனேன். "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. அதுக்கா கோப்பையை நிறைச்சே?"

அவளுக்கும் அடக்கிவைத்திருந்தது பொத்துக்கொண்டது. "அண்ணன் சாகப்போறார்னு எனக்குக் கோவமாக்கா? அந்தப் புது மேடு யாரோடதுன்னு பாத்தீங்களா? எங்க மாமியாரோடது. பக்கத்துல இருந்தது எங்க மாமனார் தனக்குன்னு விட்டு வச்ச இடம். தங்கச்சி மகன் வாய் தொறந்து கேட்டுட்டான், இல்லேன்னு சொன்னா வம்சத்துக்கு ஆகாதுன்னு சரின்னுட்டார். அன்னையிலருந்து ஒழுங்காச் சாப்பிடல. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அண்ணன் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார். நான் மீறிட்டேன், போங்க!"

ஊரையே சந்தேகப்பட்டேனே. தண்ணீரை, பெண்களை, கூரையை. சந்தேகப்பட வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதுவும் என் வீட்டுக்குள்ளேயே.

அக்டோபர் 9

சொன்னேன். இவர் முகம் செத்துவிட்டது. "மாமி சாவுக்கு நான் வரலியே, அது யார் மேடுன்னு எனக்குத் தெரியாது. காலியா இருந்துச்சு, வெயில் பட்டுச்சு, கையக் காட்டினேன். தலைய ஆட்டினார்." கேட்டு வாங்கியதை வேண்டாம் என்று திருப்பவும் முடியாது, மாமன் முகத்தில் துப்பியது போல ஆகிவிடும். விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறதே!

அக்டோபர் 11

மாமா வீடு. பீக்கென் என்னைப் பார்க்காமல் விரிப்பைப் போட்டாள்.

"மாமா, ரெண்டாவது கேக்க வந்திருக்கேன்" என்றார் இவர்.

கிழவருக்கு உடம்பு ஒருமுறை குலுங்கியது. "கேளுப்பா."

"முதல்ல குடுத்ததை நீங்க திரும்ப வாங்கிக்கணும்."

மாமா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது உன் மூளை இல்லையே?"

"இவளோடது."

"கெட்டிக்காரியாக் கட்டியிருக்கே. சரி, அப்ப நீ எங்கே படுப்பே?"

நான் குறுக்கே பேசினேன், பேசியிருக்கக் கூடாது, பேசிவிட்டேன். "இப்ப இவர் படுக்க இடமே இல்ல மாமா. எழுந்து நிக்கத்தான் வேணும்."

மாமா சிரித்த சிரிப்பில் பல்லில்லாத ஈறு முழுவதும் தெரிந்தது. பீக்கென் தேநீர் ஊற்றினாள். அரைக் கோப்பை.

அக்டோபர் 30

கூரையைக் குறை சொன்ன வீட்டையே வாங்கிவிட்டோம். ஜன்னல்கள் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்தேன். சரிவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. நல்லது.

ஜனவரி 17

ஒரு வாரம் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தோம். நல்ல காற்று என்று வந்து என்ன கண்டோம்? அங்கேயே இருந்திருந்தால்? அஸ்தானாவுக்கே போயிருந்தால்? கார்லிகாஷ் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பனியில் வந்து இறங்கினாள். பதினைந்தாவது மாடிப் பேச்சையே எடுக்கவில்லை. அவளைப் பற்றி நினைத்ததற்கு என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 26

எழுந்து உட்கார்ந்து உப்பில்லை என்றார்.

மே 28

காலையில் வாசலில் ஒரு குதிரை, குட்டியோடு. பால் கறக்கிற குதிரை. கட்டிவிட்டுப் போனவர்களைக் காணோம். மூன்றாவதையும் எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டாரா? காதைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. பீக்கெனுக்குப் போன் போட்டேன்.

"கேக்காமக் குடுக்கறது கணக்குல வராதுக்கா. குதிரைப் பால் நெஞ்சுக்கு நல்லதுன்னு எங்க மாமனார் அனுப்பிச்சார். கறக்கத் தெரியுமா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?"

கறக்கத் தெரியவில்லை. இவர் குட்டியைப் பிடித்துக்கொண்டார், நான் ஒரு உதை வாங்கினேன், வாளியில் கொஞ்சம் பால் விழுந்தது. இருமல் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. நேற்று ஊற்று வரைக்கும் நடுவில் உட்காராமல் போய்வந்தார், அவ்வளவுதான். மூன்றாவது மிச்சம் இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

சாயங்காலம் இவருக்குத் தேநீர் ஊற்றினேன், அரைக் கோப்பை.

"கஞ்சம்" என்றார்.

குடித்து முடித்ததும் மறுபடி அரை ஊற்றினேன்.