தேரிலிருந்து வந்த குங்குமம்

கிள்ளை, ஜூலை 2007

அம்மாடி,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. கடலூரில் வேலை எப்படி?

சிதம்பரத்தில் ஆனித் தேர் முடிந்து எட்டு நாளாகிறது. சிவகாமி அம்மன் நம் மீனவர் வீட்டுப் பெண் என்று தேரை நிறுத்தித் தாய்வீட்டுச் சீர் கொடுப்போமே, இந்த முறை சீர்த் தட்டு என் கையில். உன் அம்மா போய்ப் பத்து வருஷம். ஆனாலும் பெண்டாட்டி இல்லாதவன் என்று என்னை ஒருவரும் தடுக்கவில்லை.

போன வருஷம் நீ அந்தத் தட்டைத் தொட்டாய். சுனாமியில் புருஷனைக் கொடுத்தவள் தொடலாமா என்று ஊர் கேட்கும் முன்பே, "தாலியறுத்தவளுக்கு இங்க என்னா வேல? உள்ள போ" என்று கத்தியது நான்தான்.

இந்த முறை தீட்சிதர் தேரிலிருந்து குங்குமப் பொட்டலத்தை நீட்டி, "பொண்ணு இருக்காளா? அவளுக்கு அம்பாள் குடுத்தது" என்றார். வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

அதைக் கடலில் கரைத்துவிடலாம் என்று தினமும் கிளம்புகிறேன், பாதியில் திரும்பிவிடுகிறேன். உன் கதை தீட்சிதருக்குத் தெரியாது, சரி. அம்பாளுக்குமா தெரியாது?

பொட்டலம் இத்துடன் இருக்கிறது. மார்கழித் தேருக்கு அதை நெற்றியில் வைத்துக்கொண்டு வா. தட்டை நீ எடுத்து முன்னால் நட. நான் பின்னால் வருகிறேன்.

உன் அப்பா