பின் ஆக்ஸிலும் கல்யாணப் பத்திரிகையும்

நான்கு நாளாக என் சட்டைப் பையில் கியர் ஆயில் வாடை. சட்டையை மாற்றினாலும் கூடவே வருகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சேதி: நம் வண்டியின் பின் ஆக்ஸிலை நானே மாற்றினேன். உயிரோடு இருந்திருந்தால் நீ சிரித்தே செத்திருப்பாய். மாரடைப்பு முந்திக்கொண்டது.

நாம் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய டீசல் கார், நமக்குள் பேச்சு நின்றுபோன நான்கு வருடமும் உன் வீட்டு வாசலில்தான் நின்றது. உன் காரியம் முடிந்த மறு வாரம் உன் மனைவி சாவியைக் கொடுத்தனுப்பினாள். வெள்ளிமலைக்கு ஏறும்போது மூன்றாவது வளைவில் பின்னால் 'டக்' என்றது. கிளட்சை விடும்போதெல்லாம் டக். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டின் முனையில் பல் தேய்ந்தால் வரும் சத்தம் அது. நாம் இருவரும் முன்பே ஒருமுறை கேட்டதுதான்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உன் வாசலில் கோணிப்பை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருப்போம். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினாலு கேட்டால் பன்னிரண்டைக் கொடுப்பேன். "யோவ், ஊர்ல இருக்கற புஸ்தகத்தெல்லாம் படிச்சிக்கினு இருக்கற, ஸ்பேனர் மேல இருக்கற நம்பரைப் படிக்க மாட்டேன்ற" என்பாய்.

இரண்டு இரும்புக்கு நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் அட்டை வளையத்துக்கு நம்மூரில் பேக்கிங் என்று பேர். அதை மட்டும் நீ கடையில் வாங்கவே மாட்டாய். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நீயே வெட்டிக்கொள்வாய். வீட்டுக்கு வரும் பத்திரிகைகளைத் தடவிப் பார்த்துத்தான் ரகம் பிரிப்பாய். "நல்ல சம்பந்தம்யா, கியர்பாக்ஸுக்கே ஆவும்" என்று ஒரு குடும்பத்தைப் பாராட்டியது நினைவிருக்கிறது.

பிறகு என் மகள் கல்யாணம் வந்தது. நீ வரவில்லை. அன்றைய ஃபோட்டோ எல்லாவற்றிலும் பெண்ணின் அப்பா மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னாய்: "பத்திரிகையே வெக்கல. கூப்புடாத வூட்டுக்கு நான் இன்னாத்துக்குப் போறேன்?"

ஊர் நம்பியது. பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்ததும் பழைய சிநேகிதனைக் கழற்றிவிட்டான் என்று மூங்கில்துறைப்பட்டு வரை பேச்சு. கையிலேயே கொடுத்தேன் என்று நான் சத்தியம் செய்தேன். அது பொய் என்று உனக்கு மட்டும் தெரியும். நான் வந்த அன்று உன் வீடு பூட்டியிருந்தது. எனக்கு இன்னும் அறுபது வீடு பாக்கி. வண்டியின் வைப்பருக்கு அடியில் சொருகிவிட்டுப் போனேன். பிறகு நேரில் வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு முறையாக வைக்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. காற்றில் பறந்திருக்கும், மழையில் கரைந்திருக்கும் என்று நான்கு வருடம் உன் பக்கம் நியாயம் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளுக்கு முன் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிரம்மைத் தலைகீழாக மாட்டி, அதையே சுத்தியலாக்கி, உன் பாணியில் இழுத்தேன். பதினோராவது இழுப்பில் ஆக்ஸில் கையோடு வந்தது. கூடவே பேக்கிங்கும். ஆயிலில் ஊறியிருந்ததைத் துணியால் துடைத்தேன். சந்தன நிற அட்டை. ஓரத்தில் அன்னப்பறவை. அந்த அன்னத்தின் கழுத்துக்காக அச்சகத்தில் அரை நாள் சண்டை போட்டவன் நான்.

என் பேர் இருந்த இடத்தில் போல்ட் ஓட்டை. என் மகளின் பேர் மேல் ஒரு கீறல் இல்லை. வளையத்தின் பட்டையில் அது முழுசாக உட்காரும்படி அளந்து வெட்டியிருக்கிறாய். ஆக, படித்திருக்கிறாய். வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போயிருக்கிறாய். ஊர் என்னைக் காறித் துப்பிய நான்கு வருடமும் எனக்கான சாட்சி உன் வாசலில், ஆயில் கசியாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு பத்திரிகைண்ணா. வெச்சிருந்தா ஒங்களுக்கு இன்னா கொறைஞ்சிருக்கும்? கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

பையில் கை வைத்தேன். காட்டினால் நீ பொய்யன். எப்படிக் கொடுத்தீங்க என்று அவள் கேட்டால் நானும்.

"மறந்துட்டம்மா" என்றேன்.

"இப்பவாவது ஒத்துக்கினீங்களே" என்றாள். இன்னொரு டம்ளர் காபி வந்தது.

புது பேக்கிங்கை வெறும் டிராயிங் அட்டையில் வெட்டிப் போட்டேன். மூன்றாவது வளைவில் இப்போது சத்தம் இல்லை. உன் வளையம் மட்டும் பையை விட்டு இறங்க மறுக்கிறது. முழுசாக வைத்தால் பை கொள்ளவில்லை, மடிக்க வேண்டியிருந்தது. நானும் உன்னைப் போலவே அளந்து, மகளின் பேரை விட்டுவிட்டு, ஓட்டை விழுந்த என் பேரின் மேலேயே மடித்து வைத்திருக்கிறேன்.