முப்பதாம் தேதி வரை சம்பளம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது என்றைக்கு நல்லபடியாக இருந்தது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், மேனேஜர் முகமே சரியில்லை என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை. இங்கே நடந்ததை முழுசாகப் படி.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டு எதிரே இருக்கும் போட்டிக் கடைக்குப் போகப் போவது உனக்குத் தெரியும். பதினாலு வருஷம் பின்னறை ஸ்டூலில் குனிந்து லென்ஸ் தேய்த்தாயிற்று, அங்கே நாற்காலிக்கு முதுகு இருக்கிறது, எனக்கு அது போதும். முப்பதாம் தேதிதான் கடைசி நாள் என்று ஒன்றாம் தேதியே முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன், அவரும் சரி என்றார், எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. ஒன்பதாம் தேதி நம் டியூஷன் டீச்சர் ஃப்ரேமுக்குத் திருகாணி போட வந்தவர், அடுத்த மாசம் வந்தா இருப்பீங்களா என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எதிர்க்கடையில இருப்பேன் டீச்சர் என்றேன். கல்லாவில் இருந்த முதலாளிக்கு அது காதில் விழுந்துவிட்டது. டீச்சர் படி இறங்குவதற்குள் ஒரு தாளை டைப் அடித்துக்கொண்டு வந்து நீட்டினார். இன்றோடு உங்களை வேலையிலிருந்து நிறுத்துகிறோம், இனி பாக்கி எதுவும் இல்லை, சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார். கண்ணாடி கொண்டு வரலைங்க, வீட்ல போய்ப் படிச்சிட்டுத் தர்றேன் என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி என் தலை மேலேயே இருந்தது. இருந்த கோபத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. ஒரு நாள் லேட்டாகப் போனதில்லை, பாதி வேலையில் துரத்திவிட்டாரே என்று. புது வேலை அடுத்த மாசம் ஒன்றாம் தேதிதான், அதுவரை வாடகைக்கும் மருந்துக்கும் யாரிடம் கேட்பது. உன் அப்பா, நீதானே போறேன்னு எழுதிக் குடுத்தே, இப்போ போனா என்ன அப்போ போனா என்ன, விடு என்றார். மாடி வீட்டுக் கணக்கர்தான் என் பழைய வேலை உத்தரவை வாங்கிப் படித்துப் பார்த்தார். யார் விலகினாலும் விலக்கினாலும் ஒரு மாச முன்னறிவிப்பு, இல்லையென்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. நீங்க போறேன்னது முப்பதாம் தேதி, ஒன்பதாம் தேதியே போகச் சொன்னது அவர், அதுவும் அவர் கடைத் தாளிலேயே எழுதித் தந்திருக்கார், திருடினீங்க, கடையை உடைச்சீங்கன்னா வேற பேச்சு, மத்தபடி மிச்ச நாள் சம்பளம் அவர் தலையிலதான் என்றார்.

மறுநாள் இரண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்க் கல்லா மேல் வைத்தேன். வேலை செய்யாத நாளுக்கு எதுக்குச் சம்பளம் என்று முதலாளி குதித்தார். நான் செய்யத் தயாரா இருந்த நாள்ங்க, வேண்டாம்னது நீங்க என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். அவருடைய ஆடிட்டருக்குப் போன் போட்டார், ரொம்ப நேரம் உம், உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அப்புறம் செக் புத்தகத்தை எடுத்து எழுதினார். வேலை செய்த ஒன்பது நாளுக்கும் மிச்ச இருபத்தொரு நாளுக்கும் சம்பளம், எடுக்காத லீவு ஆறு நாளுக்கும் சேர்த்து. வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

உன் ஊர்ச் சட்டம் என்னவோ எனக்குத் தெரியாது. உன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படி, நீ கொடுத்த கடிதத்துக்கு ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொள். கூரியர்காரர் நீட்டினாலே படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் நீ. போகிறேன் என்று சொன்னதாலேயே நீ அங்கே வேண்டாதவள் ஆகிவிடவில்லை, கடைசி நாள் வரைக்கும் உன் நாற்காலி உன்னுடையதுதான். யார் எதை நீட்டினாலும், வீட்டில் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்.

எந்தக் குறையும் இல்லாமல் தலை நிமிர்ந்து இரு, என் ராஜாத்தி. அப்பாவின் ஆசியும் உண்டு, அவர் இப்போது தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சம்பளத்தோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா