அஸ்கான்ஸுக்கு வேர் தேடி

யார்க், 3 பிப்ரவரி 1964, திங்கள்

மழை. கணப்பு மறுபடி புகைகிறது. ஆனாலும் எதிர் மேசை ஆட்ஸ்லி இன்று பன் வாங்கி வந்துவிட்டார்! ஒரு சொல்லுக்கு வேர் கண்டுபிடித்தவர் எல்லோருக்கும் திராட்சை பன் வாங்க வேண்டும். எங்கள் அகராதி அலுவலக வழக்கம். 'வேர் தெரியவில்லை' என்று முடிகிற சொல்லுக்குப் பன் கிடையாது.

அவருடைய சொல் 'அஸ்கான்ஸ்' என்ற ஆங்கிலச் சொல். பொருளில் சிக்கல் இல்லை. முதலில் வெறுமனே 'பக்கவாட்டில், சாய்வாக'. பிறகு பார்வையோடு ஒட்டிக்கொண்டது. இன்று அஸ்கான்ஸாகப் பார்ப்பது என்றால் நம்பாமல் ஓரக்கண்ணால் பார்ப்பது. பிறப்பில்தான் தகராறு. இத்தாலியம் என்கிறார் ஒருவர், பிரெஞ்சு என்கிறார் இன்னொருவர். ஆட்ஸ்லி பதினைந்து வருடமாக டச்சு என்கிறார். இப்போது, அட்டையில் 1510 என்று போட்ட ஒரு டச்சுச் சமையல் புத்தகத்தில் ஒரு வாக்கியம் அகப்பட்டிருக்கிறது: 'கிழங்கைச் சாய்வாக நறுக்கு.' அந்தச் 'சாய்வாக'வுக்கு டச்சில் இருப்பது அஸ்கான்ஸின் சாயலிலேயே ஒரு சொல். ஆங்கிலத்தில் நம் சொல் தலைகாட்டுவதற்கு இருபது வருடம் முன்னால்.

"மே மாசம் எனக்கு ஓய்வு. இந்த ஒண்ணையாவது அச்சுல பாத்துட்டுப் போறேன், லம்ப்," என்றார் என்னிடம்.

சரிபார்க்க வேண்டியவள் நான்.

11 பிப்ரவரி

ஹாலந்து நூலகத்துக்கு எழுதி அந்தப் பக்கத்தின் படம் கேட்டேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையா, அம்மா தாயே?"

"என் மேலயே எனக்குக் கிடையாது," என்றேன். சிரித்தார்.

28 பிப்ரவரி

படம் வந்துவிட்டது. ஐயோ.

அவர் எடுத்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. அடுத்த வாக்கியம்: 'உருளைக்கிழங்கையும் அப்படியே.' 1510இல் ஐரோப்பாவில் ஏது உருளைக்கிழங்கு? அது அமெரிக்காவிலிருந்து வந்து சேரவே இன்னும் அறுபது வருடம் ஆகும். பிற்காலத்துப் பதிப்பு, அட்டையில் மட்டும் பழைய வருடத்தை விட்டுவைத்திருக்கிறான் அச்சடித்தவன், பாவி. எந்தச் சமையல்காரியும் அடுத்த வரியைப் படித்திருப்பாள். நாங்கள்தான் எங்கள் சொல்லைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவோம்.

29 பிப்ரவரி, சனி

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கும்போது அழுகை வந்தது. எதற்கு? வெறும் ஒரு சொல்.

நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? தலைமை ஆசிரியர் பிக்கர்ஸ்கில் நான் கையெழுத்துப் போட்டால் தானும் போடுவார். ஆட்ஸ்லி சந்தோஷமாக ஓய்வுக்குப் போவார். அவருடைய பன்னைத் தின்றவள் நான் — இரண்டு! ஆனால் ஒருவர் தப்பை இன்னொருவர் பிடிப்பதற்குத்தானே பத்தொன்பது வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம்? அதை விட்டால் எங்களுக்குள் வேறு என்ன இருக்கிறது?

2 மார்ச்

சொல்லிவிட்டேன். படத்தை அவர் பக்கம் நகர்த்தி, "அடுத்த வரியப் படிங்க," என்றேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"வெள்ளிக்கிழமையே வந்துடுச்சா இது?"

"ஆமா."

"ரெண்டு நாள் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குடை இங்கேயே கிடந்தது.

5 மார்ச்

பேசவில்லை. தேநீரை ஜன்னல் பக்கம் நின்றே குடிக்கிறார்.

10 மார்ச்

பேசவில்லை. போகட்டுமே, எனக்கென்ன! — எனக்குத்தான் தாங்கவில்லை.

13 மார்ச், வெள்ளி

'ஏ' எழுத்துச் சொற்களின் தாள்கள் திங்களன்று அச்சுக்கு. அஸ்கான்ஸின் பதிவு இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. பிக்கர்ஸ்கில் என்னையே எழுதி முடிக்கச் சொன்னார். முடியாது, அது ஆட்ஸ்லியின் சொல் என்றேன். எதிர் மேசையில் அவர் தலையே நிமிரவில்லை.

16 மார்ச், திங்கள்

காலையில் பதிவு என் மேசைக்கு வந்திருந்தது. டச்சு வாக்கியத்தை அடித்துவிட்டு, அவருடைய கோழிக்கிறுக்கலில்: 'வேர் தெரியவில்லை.' கீழே கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். போட்டேன்.

பதினொரு மணிக்கு நனைந்த பையோடு உள்ளே வந்தார். பன்.

பிக்கர்ஸ்கில் எட்டிப் பார்த்தார். "அட, யாருக்கு வேர் கெடச்சுது?"

"யாருக்கும் கெடைக்கல."

"அப்புறம் எதுக்குய்யா பன்?"

"லம்ப் அடுத்த வரியப் படிச்சாங்க," என்றார் ஆட்ஸ்லி. தன் தேநீரை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

என் பன்னில்தான் திராட்சை அதிகம். பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்.