கேட்டு நடந்த வழி

2012 ஜூன் 4
பக்கத்து வீட்டு ஜோயிக்குட்டி, நாங்கள் நடந்துவந்த தன் நிலத்தில் சுவர் எழுப்பிய பிறகு வெளியே போக எங்களுக்கு மிச்சம் பின்பக்கக் கால்வாய்தான். வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரி. இன்றும் அவரை நாற்காலியோடு வள்ளத்தில் இறக்கினோம். படி வழுக்குகிறது. எத்தனை நாள் தாங்குவார்?

ஜூன் 9
வக்கீல் ஷைலஜாவைப் பார்த்தேன். அடுத்தவர் நிலத்தில் வழி வேண்டுமென்றால் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமாம். எங்கள் பத்திரத்தில் இல்லை. அல்லது வேறு வழியே இருக்கக் கூடாது. அல்லது இருபது வருஷம் யாரையும் கேட்காமல் உரிமையோடு நடந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறேனே! அது போதும் என்றார். நிம்மதியில் பஸ்ஸிலேயே அழுதேன்.

2013 ஜனவரி 22
கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்து அளந்தார். கால்வாய்ப் படியையும் எழுதிக்கொண்டார் — அது எதற்கு?

மார்ச் 12
கூண்டில் ஏறினேன். ஜோயிக்குட்டியின் அப்பா எப்படிப்பட்டவர் என்று எதிர்வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். செத்தவரைப் பற்றி என்ன குறை சொல்ல? "தங்கமான மனுஷன் சார். நான் புதுசா வந்தப்பவே, இந்த வழியாவே போய்க்கோ மோளேன்னு சொன்னாரு" என்றேன். ஷைலஜா கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து சொன்னார்: "அனுமதி வாங்கி நடந்தேன்னு நீங்களே சொல்லிட்டீங்க சேச்சி. அது உரிமை ஆகாது."

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். நல்லது சொன்னது தப்பா? வீட்டில் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 13
சொல்லிவிட்டேன். அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7
தோற்றோம். கேட்டு நடந்ததால் பழக்க உரிமை இல்லை. கால்வாய் இருப்பதால் அவசிய வழியும் இல்லை. சிரமம் வேறு, அவசியம் வேறாம். அந்த நீதிபதி ஒருநாள் எங்களோடு வள்ளத்தில் வரட்டும்.

ஆகஸ்ட் 10
வெள்ளம். படி முங்கிவிட்டது. வள்ளக்காரர் வரமாட்டேன் என்கிறார். இரண்டு தவணை போகவில்லை. அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது. கர்த்தாவே, யாரிடம் போவேன்? வேறு யாருமில்லை. இடுப்பளவு தண்ணீரில் சுற்றிப் போய் ஜோயிக்குட்டி வாசலில் நின்றேன்.

சுவரை உடைத்துக் கதவு வைத்துத் தருகிறானாம். "ஆனா ஒவ்வொரு தடவையும் வந்து கேக்கணும் சேச்சி. நாலு பேர் காதுல விழணும்."

ஆகஸ்ட் 26
இன்றும் கதவருகே நின்று கேட்டேன். "ஜோயி, நாங்க போகட்டுமா?" தேங்காய் உரிப்பவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். போகச் சொன்னான்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "இனிமே என்னைக் கூட்டிட்டுப் போகாதே. வீட்லயே கிடக்கறேன்."

புதன்கிழமை மறுபடி போகவேண்டும். கேட்பேன்.